மெக்கானிக் குடியிருந்த மனை

"எங்க மனைக்குப் பட்டா எழுதிக் குடுக்கணும், சார்."

வேம்பு இதைச் சொன்னபோது சாமா தன் ஃபியட் காரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். சிகரெட்டை வாயிலிருந்து எடுக்காமலே தலையைத் தூக்கிப் பார்த்தான். டிராக்டர் கொட்டகையின் மறுமூலையில் ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்த அவள் அப்பா ரெத்தினம் சட்டென்று திரும்பினார்.

பெரிய வீட்டில் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று ரெத்தினம் மகளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பழைய புடவை கேட்கலாம், விதைநெல் கேட்கலாம், காலேஜுக்குச் சிபாரிசுகூட கேட்கலாம். குடியிருக்கும் மனையைக் கேட்டால் மட்டும் இருக்கிற கூரையும் போய்விடும். அவர் சும்மா பயப்படவில்லை. போன குறுவைக்குக் கூலியைக் கூட்டிக் கேட்ட நல்லக்கண்ணுவின் குடிசையைப் பெரிய வீட்டு ஆட்கள் பட்டப்பகலில் பிரித்துப் போட்டார்கள். மண்ணு எங்களது, மூங்கிலும் கீத்தும் உன்னுது, தூக்கிக்கிட்டுப் போ என்றார்கள். அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு நாகூர்ப் பக்கம் உப்பளத்துக்குப் போய்விட்டான்.

"என்ன திடீர்னு?" என்றான் சாமா.

"திடீர்னு இல்ல சார். குடியிருக்கறவங்களுக்கே மனைன்னு குடியிருப்புச் சட்டம் வந்து ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. மனு குடுத்திருக்கோம். உங்கப்பா ஆட்சேபணை இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"வேம்பு," என்றார் ரெத்தினம்.

"இருப்பா. கேக்கறேன்ல."

சாமா சிரித்தான். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருப்பதற்குக்கூட ஒரு கவனம் வேண்டும், அது அவனிடம் காரைத் தவிர வேறு எதன் மீதும் கிடையாது. "ரெத்தினத்துக்கு இல்லாத பட்டாவா? அப்பாகிட்ட நான் சொல்றேன். மொதல்ல இது ஏன் இப்படிக் குதிக்கறதுன்னு சொல்லு. பிஸிக்ஸ்தானே படிச்சே?"

நன்னிலம் தாலுக்காவில் அந்த ஊர் நஞ்சையில் பாதி பெரிய வீட்டு நாகேஸ்வரய்யருடையது. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது அதை மகன் பெயரில், மருமகன் பெயரில், செத்துப்போன அத்தை பெயரில் எல்லாம் பிரித்து எழுதினார்கள். லட்சுமி என்ற பெயரில் இருக்கும் நாலு மா நிலம் அந்த வீட்டுக் கன்றுக்குட்டியுடையது என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். ஆட்சி மாறிவிட்டது, கொடியும் மாறிவிட்டது, மேடையில் பேசுகிறவர்கள் மாறிவிட்டார்கள். நெல் மட்டும் இன்னும் அதே களத்தில்தான் வந்து குவிந்தது.

அய்யரின் ஒரே மகன் சாமா. மெட்ராசில் படித்தான், அல்லது படிக்கப் போனான். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் வருஷா வருஷம் நடக்கும் கார் பந்தயத்தைப் பார்த்து வந்தவன் ஒரு ஃபியட்டை வாங்கி என்ஜினைப் பிரித்து மேய்ந்து, குதிரை மாதிரி ஆக்கிக் கொண்டுவந்திருந்தான். அவன் ஓட நினைத்த போட்டியில் இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். கொடி விழுந்ததும் நேர்கோட்டில் பறக்கவேண்டும். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. கிளம்புகிற கிளம்பலில்தான் எல்லாமே இருக்கிறது. அந்தக் கிளம்பலில்தான் சாமாவின் கார் மானத்தை வாங்கியது. ஆற்றங்கரை ரோட்டில் நிறுத்தி, என்ஜினை அலறவிட்டு, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தால் கார் முன்னால் போவதற்குப் பதில் பின்பக்கம் தடதடவென்று தவளை மாதிரி குதித்தது. வலதுசக்கரம் மட்டும் புகைய நின்ற இடத்திலேயே சுற்றியது. நடவுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்தார்கள்.

வேம்பு காருக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். தஞ்சாவூரில் பி.எஸ்ஸி. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, பகலெல்லாம் அப்பாவோடு இந்தக் கொட்டகையில்தான் கிடந்தாள். அவள் தெருவில் வேறு யாரும் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டியதில்லை. டிராக்டர் வந்த புதிதில் அப்பா அதைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டபோது பக்கத்தில் நட்டும் போல்ட்டும் பொறுக்கிக் கொடுத்து வளர்ந்தவள்.

"பட்டைதான் சார் காரணம்," என்றாள் அடியிலிருந்தே. பின் ஆக்ஸிலைத் தாங்கும் வில்பட்டைகளை விரலால் தட்டினாள். "நீங்க கிளட்ச்ச விட்டதும் சக்கரம் முன்னால சுத்துது. ஆக்ஸில் கூடு அதுக்கு எதிர்ப்பக்கம் பொரளப் பாக்குது. அத புடிச்சிக்கிட்டு இருக்கறது இந்தப் பட்டை மட்டும்தான். முன்பாதி மேல வளையுது, பின்பாதி கீழ வளையுது. பாம்பு மாதிரி நெளிஞ்சு, தாங்காம திரும்பி உதைக்குது. மறுபடி நெளியுது, மறுபடி உதைக்குது. அதான் குதி."

"கெட்டிப் பட்டையாப் போட்டுடலாமா?"

"மொத்தமும் கெட்டியாப் போட்டா நெல்லு லாரி. பின்னாடி எடை இறங்கவே இறங்காது, சக்கரம் இன்னும் நல்லா வழுக்கும். முன்பாதிய மட்டும் இறுக்கணும். ஆக்ஸிலுக்கும் முன் கொண்டிக்கும் நடுவுல எல்லாப் பட்டையையும் ஒண்ணாச் சேத்துக் கிளாம்பு போட்டா அது ஒரே இரும்புத்தடி மாதிரி நின்னு வண்டிய முன்னால தள்ளும். பின்பாதியில இருக்கற கிளாம்ப எல்லாம் கழட்டிடணும். அது பாட்டுக்கு விரியட்டும்."

"வலதுசக்கரம் ஏன் சுத்தறது?"

"என்ஜின் சுத்தற சுத்துல ஆக்ஸில் இடதுபக்கம் அழுந்துது, வலதுபக்கம் எழும்புது. நீங்க வலதுபக்கம் உக்காந்திருக்கறதால இந்த மட்டும் ஓடுது. வலதுபக்கம் முன்பாதியில மட்டும் கூட ஒரு அரைப்பட்டை வைக்கணும்."

ரெத்தினம் அப்போதுதான் வாய் திறந்தார். "ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குமே. பாக்கறவன் சிரிக்க மாட்டான்?"

"நிக்கும்போது சிரிக்கட்டும்ப்பா. கெளம்பும்போது நேராயிடும்."

"நீ சொல்ற, சரி. வண்டிய நிப்பாட்டி வச்சாத்தான் ஊர்ல எல்லாம் பாப்பாங்க," என்றார் அவர். சாமாவே சிரித்துவிட்டான்.

அரைப்பட்டைக்கு எங்கே போவது என்ற பேச்சு வந்தபோது ரெத்தினம் கொட்டகையின் பின்பக்கம் போனார். அய்யர் வீட்டுப் பெரியம்மா மதுரம் கோயிலுக்குப் போய்வந்த பழைய வில்வண்டி அங்கே சக்கரம் கழன்று கிடந்தது. அதன் வில்பட்டைகளைக் கழற்றி, அகலம் பொருந்துகிற ஒன்றை எடுத்துவந்தார். காய்ச்சி வெட்டினால் இரும்பின் முறுக்கு செத்துவிடும் என்று சாணைக்கல்லில் பள்ளம் விழத் தேய்த்து, வைஸில் கடிக்க வைத்து, சுத்தியலால் ஒரே போடு. முனையை உருட்டித் தேய்த்தது வேம்பு.

இந்த வேலைக்கு நடுவில்தான் அது நடந்தது. "டேய் ரெத்தினம், அந்த ஜாக்கியத் தள்ளுடா," என்றான் சாமா, இருபத்தைந்து வயதுப் பையன், தலை நரைத்த மனிதரைப் பார்த்து. வருஷக்கணக்காக அந்தக் கொட்டகையில் புழங்கிய பேச்சுதான். வேம்புவுக்குச் சுரீரென்றது.

"அவர் மெக்கானிக், சார். டேய் வேண்டாம்."

சாமா அவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், தோளைக் குலுக்கினான். "சரி. மெக்கானிக் சார், ஜாக்கியக் கொஞ்சம் தள்ளுங்கோ."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் ஒட்டிக்கொண்டது. சமையல்கார சரசா மாமி கொல்லைக்கதவிலிருந்து "மெக்கானிக்குக்குக் காபி" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தாள். டம்ளர் என்னவோ அதே தனி அலுமினிய டம்ளர்தான், கொட்டகை ஆணியில் தொங்குவது. ஆனாலும் அப்பாவின் நடையே மாறிவிட்டது. காதில் பென்சில் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டுகிற விதத்தில் ஒரு நறுவிசு வந்தது. தெருவில் அறுப்புக்கு ஆள் கூப்பிட்டபோது, "எனக்கு ஷெட்டுல வேல இருக்குல்ல, நீங்க போங்க," என்றார். வேம்பு அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டாள். அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிற்று.

சம்பா அறுப்பு மும்முரம். அம்மா காளியம்மாள் விடியுமுன்னே வயலுக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். "உங்கப்பன் துரையாயிட்டான், நீ தொரசானி ஆயிட்ட. எனக்கு எவ கஞ்சி ஊத்துவா?" என்று சலிப்பாகச் சொல்லிவிட்டுப் படுப்பாள். அப்பாவை வயலுக்கு வரவேண்டாம் என்று நாகேஸ்வரய்யரே சொல்லி அனுப்பியிருந்தார். காரை முடி, அறுப்பை மத்தவா பாத்துப்பா என்று. அறுப்புக்காலத்தில் அந்த வீடு ஓர் ஆளை வயலிலிருந்து விடுவித்ததாக யாருக்கும் நினைவில்லை. பிள்ளை பெற்ற பெண்ணைக்கூட வரப்பில் ஏணை கட்டவைத்து வேலை வாங்கிய வீடு. வேம்பு அப்போதே யோசித்திருக்க வேண்டும். பட்டை நினைப்பில் விட்டுவிட்டாள்.

முன்பாதிக் கிளாம்புகள் இறுகின. இடதுபக்கம் முடிந்தது. வலதுபக்கம் அரைப்பட்டையை வைத்து, நடுப்போல்ட்டில் கோத்து, பட்டையை ஆக்ஸிலோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டுகளைக் கையால் ஏற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வேம்பு காருக்கு அடியில் இருந்தாள். அவளுக்குத் தெரிந்தது கால்கள் மட்டும். ஒரு ஜோடி பளபளத்த ஷூ, ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்தின் தேய்ந்த செருப்பு, நாகேஸ்வரய்யரின் மரக்கட்டைச் செருப்பு.

"வாங்கோ, வாங்கோ. இதுதான் எங்க ஒர்க்ஷாப்," என்றார் அய்யர். "இவர்தான் எங்க மெக்கானிக், மிஸ்டர் ரெத்தினம்."

அந்த வாயிலிருந்து அப்பாவை 'இவர்' என்று வேம்பு பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

"அறுப்புக்காலத்துல கூட பாருங்கோ, காரும் கையுமாத்தான் இருப்பார். இவர் இல்லேன்னா எங்காத்துல ஒரு சக்கரம் உருளாது. பொண்ணு பி.எஸ்ஸி. கூட மாட இருக்கா."

ஷூக்காரர் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். குரலில் அலுப்பு இருந்தது, கெட்ட எண்ணம் இல்லை. "குடியிருப்பு மனு போட்டது நீங்கதானா? நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"மெக்கானிக்குங்க," என்றார் ரெத்தினம். காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "டிராக்டரு, பம்புசெட்டு, இப்ப காரு. எல்லாம் நான்தாங்க."

"வயல் வேலைக்குப் போறதில்லையா?"

"அதெல்லாம் விட்டாச்சுங்க."

"விவசாயத் தொழிலாளி இல்லை," என்றார் கர்ணம், எழுதிக்கொள்ளும்படி மெதுவாக.

"வேலைக்கு இருக்கறவாளுக்கு நாங்க குடுத்த ஜாகை," என்றார் அய்யர். "அவ்வளவுதான். பண்ணையாள் குடிசை வேற, இது வேற. சட்டம் யாருக்கு வந்துதோ அவாளுக்குக் குடுங்கோ, நான் குறுக்க நிக்கல."

வேம்பு காருக்கு அடியிலிருந்து புரண்டு எழுந்தாள். முகமெல்லாம் கிரீஸ். "சார், எங்கப்பா பொறந்ததிலேர்ந்து இந்த வீட்டுப் பண்ணையாள். எங்க தாத்தாவும். டிராக்டர் ஓட்டறது உழவு இல்லாம வேற என்ன?"

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். "அவரே சொல்றாரேம்மா, மெக்கானிக்னு. நான் என்ன பண்ணட்டும்? சாயங்காலம் வரைக்கும் கர்ணம் வீட்டுலதான் இருப்பேன். மறுத்துச் சொல்றதுக்கு யாராவது இருந்தா அங்க வந்து சொல்லுங்க. நாளைக்குக் காலையில நான் நன்னிலம் போயிடுவேன்."

அய்யர் போகிறபோது அவள் பக்கம் திரும்பினார். "நீதானேம்மா சொன்னே, டேய் போடாதேள், மெக்கானிக்னு கூப்பிடுங்கோன்னு. சாமா சொன்னான். நியாயம்தான்னு எனக்கும் பட்டுது." மரக்கட்டை டக் டக்கென்று போயிற்று.

அவர்கள் தலை மறைந்ததும் வேம்பு சாமாவிடம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன தெரியும்?" அவன் உண்மையிலேயே குழம்பித்தான் நின்றான். "நீ பட்டா கேட்டியேன்னு அன்னிக்கு ராத்திரியே அப்பாகிட்ட சொன்னேன். சிரிச்சார். ரெத்தினத்தைக் கார் வேலையிலேயே வச்சுக்கோ, வயலுக்கு விடாதேன்னார். நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன். எனக்கு வண்டி முடியணுமே."

"முடியணும்ல."

"நான் வேணும்னு பண்ணலை, வேம்பு."

"நீங்க எதையுமே வேணும்னு பண்றதில்ல சார். உங்களுக்கு எல்லாம் தானா நடக்குது."

சாமா சிகரெட்டைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினான். வேம்பு அப்பாவிடம் போனாள். அவர் சாணைக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தார்.

"வாப்பா. கர்ணம் வீட்டுக்குப் போவோம். பண்ணையாள்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடு."

"மாட்டேன்."

"ப்பா, மனை போயிடும். நல்லக்கண்ணு கூரைய என்ன பண்ணினாங்கன்னு பாத்தேல்ல?"

"பாத்தேன். மாட்டேன்." அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அந்தாளு முன்னாடி, அத்தன பேரு முன்னாடி, நான் என்னான்னு சொன்னேன்? இப்பப் போயி, இல்லீங்க சாமி, பொய்யி சொன்னேன், நான் பண்ணையாளுதான்னு நிக்கவா? நீதான சொன்ன, மெக்கானிக்குன்னு. எவன் சொன்னான் அதுவரைக்கும்? ஒருத்தன் சொன்னானா? நீ சொன்ன. நல்லா இருந்துச்சு. திருப்பிக் குடுன்னா குடுக்க முடியாது, போ."

வேம்புவுக்கு வாய்வரை கோபம் வந்தது. அது அப்பாவின் மேல் இல்லை என்பதால் எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றாள். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மெக்கானிக்தான், அந்தத் தாலுக்காவிலேயே நல்ல மெக்கானிக். பட்டை தெரிந்த மனுஷனுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை ஏன் இருக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தை எழுதியவனைப் பிடித்துக் கேட்கவேண்டும் போலிருந்தது. அவன் கோட்டையில் இருக்கிறான். சாயங்காலத்துக்குள் அவனைப் பிடிக்க முடியாது.

அவள் சட்டத்தின் நகலில் படித்ததை மனசுக்குள் மறுபடி ஓட்டினாள். லைப்ரரியில் உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாகப் படித்ததுதான். அந்த மனையில் குடியிருக்கிற விவசாயத் தொழிலாளி. அவ்வளவுதான் இருந்தது. வீட்டுத் தலைவர் என்று இல்லை. ஆம்பளை என்று இல்லை. மனு எழுதும்போது அவள்தான், கொஞ்சமும் யோசிக்காமல், அப்பா பெயரை எழுதினாள். வந்தவரும் ஆம்பளையைத்தான் கேட்டார். அந்த வீட்டில் இன்னொரு ஆள் படுத்து எழுந்திருப்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை, படித்த இவள் உட்பட.

சிரிப்பு வந்தது அவளுக்கு. நல்ல சிரிப்பு இல்லை.

"அம்மா எந்த வயல்ல நிக்குது இன்னிக்கு?"

ரெத்தினம் தலையைத் தூக்கினார். "மதகடிச் செய்யில. எதுக்கு?"

"கர்ணம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். கதிர் அறுக்கற கையோட. என்ன வேலை பாக்கறீங்கன்னு அந்தம்மாவக் கேக்கட்டும் அந்தாளு. அம்மா பேர்ல மனு எழுதப் போறேன்."

"பொம்பள பேர்லயா?" அவர் எழுந்துவிட்டார். "ஊரு என்னா சொல்லும்? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

"ஊரு கெடக்கட்டும். நீ மெக்கானிக்காவே இருப்பா. அத ஒண்ணும் ஒன்கிட்டேர்ந்து யாரும் புடுங்கல."

"அவ கோவப்படுவாடி. அறுப்ப விட்டுட்டு வான்னா ஏசுவா. மேக்கொண்டு, அய்யரு மொகத்துல நாளைக்கு எப்படி முழிக்கறது?"

"ஏசட்டும். அங்க வந்து ஏசட்டும், நல்லா இருக்கும்."

கந்தலில் கையைத் துடைத்தாள். கிரீஸ் போகவில்லை. வாசல்பக்கம் நடந்தவளைச் சாமா இரண்டடி பின்தொடர்ந்தான். வலது பக்கம் இன்னும் தூக்கிக்கொண்டு, சக்கரம் இல்லாமல், கட்டைமேல் கார் நின்றது.

"வேம்பு, இது பாதியில நிக்கறதே. நாளன்னிக்கு நான் கெளம்பணும்."

"யூ போல்ட்டு கையால ஏத்தினதோட நிக்குது. இப்பவே முறுக்காதீங்க. சக்கரத்த மாட்டி, கட்டைய எடுத்து, வண்டி தன் எடையில தரையில நின்னப்புறம் முறுக்குங்க. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி. கொஞ்சம் ஓட்டிட்டு வந்து இன்னொரு தடவ முறுக்குங்க. மறந்தா ஆக்ஸில் நகந்துடும்."

"நீ இருந்து பண்ணிட்டுப் போயேன். அரை மணி. அந்த ஆபீசர் சாயங்காலம் வரைக்கும் இருக்கார்னாரே. அப்பாகிட்ட நான் இன்னொரு தடவை பேசறேன், சத்தியமா."

"வேண்டாம் சார். நீங்க பேசினதே போதும்."

"ரெத்தினம்," என்றான் சாமா திரும்பி, சட்டென்று பழைய குரலில், "சொல்லுடா அவகிட்ட."

ரெத்தினம் பென்சிலைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டார். அந்தச் 'சொல்லுடா'வை வேம்பு கேட்டாள், ஆனால் அதற்காக நிற்கவில்லை. கொட்டகையை விட்டு வெளியே வந்து, நெல் காய்ந்துகொண்டிருந்த களத்தை ஓரமாகச் சுற்றாமல் நடுவாகக் கடந்து, மதகடிச் செய்க்குப் போகும் வரப்பில் இறங்கி வேகமாக நடந்தாள்.